பழைய ரெக்கர் லாரியை அடியிலிருந்து கட்ட: எந்த அளவு, எந்தப் பொருள், எந்த வழி?

ரெக்கர் என்பது பழுதான வண்டிகளைத் தூக்கி இழுத்துச் செல்லும் லாரி. அதன் மாடல் மற்ற லாரி மாடல்களிலிருந்து ஒரு விஷயத்தில் விலகி நிற்கிறது. அதன் உடம்பில் ஓர் இழுப்பு எப்போதும் இருந்துகொண்டே இருக்கும். சரக்கு லாரியின் பின்தளத்தை எதில் செய்தாலும் அது பாட்டுக்குக் கிடக்கும். ரெக்கரில் வின்ச் ட்ரம்மிலிருந்து (கேபிளைச் சுற்றி இழுக்கும் உருளை) கப்பி வழியாகப் பூம் (பாரம் தூக்கும் நீண்ட கை) நுனிக்குப் போகும் கேபிள் விறைப்பாக நிற்க வேண்டும். அது தொய்ந்துவிட்டால், மற்றதெல்லாம் எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும் வண்டி பொம்மையாகத் தெரியும். விறைப்பாகக் கட்டினாலோ, அந்த இழுப்பு மாதக்கணக்கில் பூமையும் அதைத் தாங்கி நிற்கும் மாஸ்டையும் வளைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஆகவே எந்த அளவில் கட்டுவது, ஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கா பித்தளையா, கிட் (ஒட்டிச் சேர்க்கும் ஆயத்தப் பாகத் தொகுப்பு) வாங்கி வெட்டுவதா முழுக்கக் கையால் செய்வதா என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை தேடத் தொடங்க வேண்டிய இடம் கேபிள்தான்.

இரட்டைப் பூமா, சுழலும் ஒற்றைப் பூமா?

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் உள்ள சாட்டனூகாவில் எர்னஸ்ட் ஹோம்ஸ் 1916இல் தன் முதல் ரெக்கரைக் கட்டினார். அவருடைய நிறுவனத்தின் அடையாளமாகப் பின்னாளில் ஆனது இரட்டைப் பூம் அமைப்பு: நடுவில் ஒரு மாஸ்ட், இருபுறமும் தனித்தனியாகத் திரும்பும் இரண்டு பூம்கள், ஒவ்வொன்றுக்கும் தனி வின்ச். இரண்டாம் உலகப் போர்க்கால டயமண்ட் டி 969 லாரியின் மேல் ஏறிய ஹோம்ஸ் டபிள்யூ-45 இந்த வகைதான். ஒரு பூமுக்கு 5 டன், இரண்டும் சேர்ந்து 10 டன். அதே காலத்து வார்ட் லாஃபிரான்ஸ் எம்1ஏ1 இன்னொரு வகை. அதில் ஒரே பூம், அடியோடு சுழலும் கிரேன்.

பார்த்த மாத்திரத்தில் ஒற்றைப் பூம் எளிதாகத் தோன்றும். கட்ட உட்கார்ந்தால் நிலைமை மாறும். சுழலும் கிரேனின் மொத்தப் பாரமும் ஒரு சுழல்தட்டின் மேல் நிற்கிறது. அதில் அரை மி.மீ. ஆட்டம் இருந்தாலும் பூம் நுனியில் அது பல மடங்காகிவிடும், கேபிளும் பக்கவாட்டில் சரியும். இரட்டைப் பூமில் வேலை இரண்டு மடங்கு: இரண்டு பூம், இரண்டு ட்ரம், இரண்டு செட் கப்பி. ஆனால் ஒரே ஜிக்கில் (பாகங்களை இடம் பிசகாமல் பிடித்துவைக்கும் சட்டம்) இரண்டையும் எடுக்கலாம், ஒவ்வொன்றின் சுழல்புள்ளியும் ஒரு சாதாரண ஊசிக் கம்பிதான். இரண்டும் ஒன்றுக்கொன்று பிசகாமல் இருக்க வேண்டும் என்பது மட்டுமே கெடுபிடி. பின்புறமிருந்து பார்க்கும்போது ஒரு பூம் 1 மி.மீ. தாழ்ந்திருந்தாலும் கண் அதையே பிடித்துக்கொள்ளும்.

முதல் ரெக்கருக்கு இரட்டைப் பூமையே பரிந்துரைப்போம். இன்னொரு காரணமும் உண்டு. ஒரு பூம் பக்கவாட்டில் திரும்பிப் பாரத்தை இழுக்கும்போது, மறுபக்கத்துப் பூமின் கேபிளை எதிர்ப்புறம் ஒரு பிடிமானத்தில் கட்டி வண்டி கவிழாமல் சமன் செய்வார்கள். மாடலை அந்த நிலையில் நிறுத்தினால், இந்த இயந்திரம் ஏன் இப்படிப் பிறந்தது என்பது விளக்கமில்லாமலே புரியும்.

அளவு: எண்களைப் போட்டுப் பார்த்தால்

டயமண்ட் டி 969இன் வீல்பேஸ் 151 அங்குலம், அதாவது 3,835 மி.மீ. 9.00-20 டயரின் விட்டம் ஏறக்குறைய 1,020 மி.மீ. அரை அங்குல வயர் ரோப் 12.7 மி.மீ. இந்த மூன்றையும் மாடலின் அளவால் (1/25 என்றால் உண்மையில் 25இல் ஒரு பங்கு) வகுத்துப் பார்த்தாலே பாதி முடிவு கைக்கு வந்துவிடும்.

| அளவு | வீல்பேஸ் | டயர் | கேபிள் |
|---|---|---|---|
| 1/35 | 110 மி.மீ. | 29 மி.மீ. | 0.36 மி.மீ. |
| 1/25 | 153 மி.மீ. | 41 மி.மீ. | 0.5 மி.மீ. |
| 1/16 | 240 மி.மீ. | 64 மி.மீ. | 0.8 மி.மீ. |
| 1/14 | 274 மி.மீ. | 73 மி.மீ. | 0.9 மி.மீ. |

1/35இல் இராணுவ மாடல்களுக்கான உதிரிகள் ஏராளம்: ஜெர்ரி கேன், கருவிகள், விளக்குகள், உருவங்கள். ஆனால் 0.36 மி.மீ. கேபிளைக் கப்பியில் ஓட்டுவது கண்ணுக்கும் கைக்கும் கடினம். கப்பியின் பள்ளத்துக்கு இரு பக்கமும் நிற்கும் விளிம்பு காகிதம் போல மெலிந்துவிடும். 1/16இல் எல்லாமே தாராளம்; உண்மையான நட்டு போல்ட்டே போடலாம். ஆனால் டயர், ரிம், விளக்கு எதுவும் கடையில் ஆயத்தமாகக் கிடைப்பது அரிது. ஒவ்வொன்றும் உங்கள் கையில்தான் பிறக்க வேண்டும். 1/14இன் ஈர்ப்பு டாமியாவின் ரேடியோ கன்ட்ரோல் லாரி வரிசை. ஓடும் ரெக்கர், சுற்றும் வின்ச் வேண்டுமென்றால் ஆக்சில், கியர்பாக்ஸ், டயர் எல்லாம் அங்கே இருக்கின்றன. அலமாரியில் வைக்க மட்டுமே என்றால் அந்த அளவு தேவையில்லை.

1/25தான் நடுவழி. ஏ.எம்.டி பல ஆண்டுகளாக விடும் அமெரிக்க லாரி கிட்டுகள் இந்த அளவில்தான் வருகின்றன. இத்தாலேரி லாரிகளும் ரெவெலின் பல லாரிகளும் 1/24. இரண்டையும் கலக்கலாமா என்று பலர் கேட்பார்கள். வித்தியாசம் 4 சதவீதம். கருவிப்பெட்டி, கண்ணாடி, இருக்கை போன்ற தனி உதிரிகளில் அது தெரியாது. 153 மி.மீ. வீல்பேஸில் 6 மி.மீ. பிசகும். ஆகவே சேஸிஸ், கேபின், சக்கரம் மூன்றும் ஒரே அளவில் இருக்க வேண்டும், மற்றதில் தாராளமாகக் கலக்கலாம்.

சேஸிஸ்: கிட்டை வெட்டுவதா, புதிதாகச் செய்வதா?

கிட் சேஸிஸ் எடுத்தால் ஆக்சில், டிஃபரன்ஷியல், பட்டை ஸ்பிரிங், ஸ்டியரிங் எல்லாம் ஒரே நாளில் நிற்கும். கோளாறு பின்னால் வரும். 1960, 70களின் நெடுஞ்சாலை லாரிக்கு முன் ஆக்சில் ஒரு வெறும் கட்டை. எல்லா ஆக்சிலும் எஞ்சினால் ஓடும் 6×6 இராணுவ ரெக்கருக்கு முன்னாலும் டிஃபரன்ஷியல் வேண்டும், நடுவில் விசையை முன்னும் பின்னும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் வேண்டும், அதிலிருந்து மூன்று பக்கமும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஓட வேண்டும். கிட் டயர்களும் பெரும்பாலும் பிந்தைய கால அளவு. 11.00-20 டயர் 1/25இல் 43 மி.மீ.யைத் தாண்டும், நமக்கு வேண்டியது 41. இரண்டு மி.மீ.தானே என்று விட்டால் வண்டி முழுவதும் எம்பி நிற்கும், மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி காணாமல் போகும். 1950களுக்குப் பிந்தைய சிவில் ரெக்கர் என்றால் கிட் சேஸிஸ் லாபம். அதற்கு முந்தைய வண்டிக்குச் சட்டத்தை நீங்களே செய்துகொண்டு, கிட்டிலிருந்து ஸ்பிரிங்கும் டிஃபரன்ஷியல் குடங்களும் மட்டும் எடுங்கள்.

நெடுஞ்சட்டத்தை ஸ்டைரீனில் செய்வதா பித்தளையில் செய்வதா என்பது அடுத்த கேள்வி. 10 அங்குல உயரச் சட்டம் 1/25இல் 10.2 மி.மீ. 3 அங்குல விளிம்பு 3 மி.மீ. கால் அங்குலத் தகடு 0.25 மி.மீ. ஸ்டைரீனில் 0.25 மி.மீ. கனத்தில் சட்டம் கட்டினால் கையில் எடுக்கும்போதே முறுக்கும். நடுத்தகட்டை 0.75 மி.மீ. ஷீட்டிலும், மேல் கீழ் விளிம்புகளை 0.5 மி.மீ. பட்டையிலும் செய்து, வெளியே தெரியும் ஓரத்தை மட்டும் உப்புத்தாளில் 0.3 வரை சரித்துவிட்டால் கண் ஏமாறும். பித்தளையில் உண்மையான 0.25 தகட்டையே மடக்கலாம். மடக்கும் கோட்டின் உட்புறம் தகட்டின் பாதி ஆழத்துக்கு மேல் வி வடிவப் பள்ளம் கீறி, மடக்கியபின் அந்தப் பள்ளத்தில் சால்டர் ஓட்ட வேண்டும். பள்ளம் இல்லாமல் வைஸில் மடக்கினால் மூலை உருண்டு, சட்டம் நீர்க்குழாய் போலத் தெரியும்.

நம் தீர்ப்பு, 1/25 வரை ஸ்டைரீன் சட்டம் போதும். அதன் மேல் நிற்கும் மாஸ்டின் கால்கள் மட்டும் சட்டத்தோடு பசையில் மட்டும் ஒட்டி நிற்கக் கூடாது, 1 மி.மீ. பித்தளைக் கம்பியால் ஊசி போட்டு, குறுக்குச்சட்டம் வரை இறக்கிவிட வேண்டும். 1/16இலிருந்து பித்தளைக்கு மாறுங்கள்.

எந்தப் பொருளானாலும் சட்டத்தைத் தடித்த கண்ணாடித் தகட்டின் மேல் வைத்தே கட்ட வேண்டும். அமெரிக்கக் கனரக லாரிகளில் சட்டத்தின் வெளி அகலம் பரவலாக 34 அங்குலம், 1/25இல் 34.5 மி.மீ. அந்த அகலத்துக்கு நான்கு கட்டைகளை ஒரே சமயத்தில் வெட்டி இடையில் செருகிக்கொண்டால் சட்டம் முன்னும் பின்னும் ஒரே அகலத்தில் நிற்கும். கட்டையின் நீளத்தில் இரு பக்கத் தகட்டுக் கனத்தையும் கழித்துக்கொள்ள மறக்காதீர்கள். ஆறு இடத்திலும் சக்கரம் தரையைத் தொட, முன் ஆக்சிலை நடுவில் ஒரே ஊசியில் ஆடும்படி விட்டுவிட்டு, எல்லாம் முடிந்த பிறகு கண்ணாடியின் மேல் நிறுத்தி ஒட்டுங்கள்.

பூமும் மாஸ்டும்: மூன்று வழிகள்

இங்கேதான் பொருள் தேர்வு உண்மையாகவே முடிவைப் புரட்டும்.

ஸ்டைரீன் வெட்ட எளிது, ஒட்ட எளிது, தப்பினால் திருத்த எளிது. ஆனால் சிறிய விசை தொடர்ந்து இருந்தால் மெல்ல மெல்ல வளையும் குணம் அதற்கு உண்டு. வெயில் படும் சன்னலோரம் வைத்தால் இன்னும் வேகமாக. பூம் நுனியில் தொங்கும் கொக்கி சில கிராம்தான். கெடுதல் அதனால் வருவதில்லை. பூமைத் தாங்க மாஸ்டின் தலையிலிருந்து வரும் கேபிளை நேராகக் காட்ட நாம் ஏற்றும் விறைப்புதான் மாஸ்டின் தலையைப் பின்னுக்கு இழுக்கிறது. முதலில் வளைவது பூமே என்று எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். முதலில் நகர்வது மாஸ்ட். தலை 1 மி.மீ. பின்னால் சாய்ந்தாலே கேபிள் தொய்ந்துவிடும். அதை மறுபடி இறுக்கினால் மறுபடி சாயும்.

பித்தளையில் இந்தத் தொல்லை இல்லை. 3 மீட்டர் பூம் 1/25இல் 120 மி.மீ. அந்த நீளத்துக்குப் பித்தளைச் சேனல் அல்லது சதுரக் குழாய் விறைப்பாக நிற்கும். சிரமம் சால்டரிங்கில். ஒரே பூமில் பத்துப் பன்னிரண்டு குறுக்குப் பட்டைகள் இருக்கும். பத்தாவதைப் பற்றவைக்கும்போது முதலாவது கழன்று விழும். மூன்று விதமாகச் சமாளிக்கலாம். ஒன்று, ஏற்கெனவே பற்றவைத்த மூட்டில் ஈரப் பஞ்சைச் சுற்றிவைப்பது. இரண்டு, முதல் மூட்டுகளை ஏறக்குறைய 217 டிகிரியில் உருகும் ஈயமில்லாச் சால்டரிலும், பின்னவற்றை 183 டிகிரியில் உருகும் 63/37 ஈயச் சால்டரிலும் போடுவது. மூன்று, எல்லாப் பட்டைகளையும் மரக்கட்டை ஜிக்கில் ஊசிகளால் அழுத்திவிட்டு ஒரே மூச்சில் முடிப்பது. மூன்றாவதே நல்லது, ஏனென்றால் இரண்டாவது பூமுக்கும் அந்த ஜிக் அப்படியே உதவும். பாஸ்பாரிக் அமில ஃபிளக்ஸ் (சால்டர் பிடிக்க உதவும் திரவம்) பயன்படுத்தினால் முடிந்ததும் வெந்நீரில் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவியே ஆகவேண்டும். மிச்சமிருக்கும் ஃபிளக்ஸ் சில வாரங்களில் பச்சையாகப் பூத்து பெயின்டைத் தூக்கும்.

ரெசின் 3டி பிரிண்ட் மூன்றாவது வழி. வின்ச் கியர் கூடு, டிஃபரன்ஷியல், எஞ்சின் பிளாக், விளக்கு, ரிம் இவற்றுக்கெல்லாம் அதைவிடச் சிறந்தது இல்லை. பூமுக்கு மட்டும் வேண்டாம். நீளமான மெல்லிய துண்டு அச்சிலேயே லேசாக வளையும், யுவி ஒளியில் கெட்டியாக்கும்போது இன்னும் கொஞ்சம் வளையும். வெந்நீரில் போட்டு நிமிர்த்தினால் நிமிரும், ஆனால் தொடர் இழுப்பில் மறுபடி போய்விடும். கீழே விழுந்தால் கண்ணாடி போல உடையும். உள்ளே வெற்றிடம் விட்டு அச்சிடும் துண்டுகளுக்கு இரு முனையிலும் வடிகால் துளை வைத்து, உட்புறத்தையும் கழுவிக் காயவைக்க வேண்டும். உள்ளே தங்கிய திரவ ரெசின் பல மாதம் கழித்துக் கசிந்து பெயின்டைப் புடைக்கவைப்பது வாடிக்கை.

ஆக, பூம், மாஸ்ட், கப்பி அச்சு மூன்றும் பித்தளை. கேபின், பின்தளம், பெட்டிகள் ஸ்டைரீன். உருண்டு திரண்ட இயந்திர உறுப்புகள் பிரிண்ட். கலந்து கட்டும்போது மூட்டுகளில் ஒரு எச்சரிக்கை. வெப்பத்தில் ஸ்டைரீன் பித்தளையைவிட மூன்று நான்கு மடங்கு விரியும். 150 மி.மீ. நீளத்தில் 20 டிகிரி மாற்றத்துக்கு இரண்டுக்கும் ஏறக்குறைய 0.15 மி.மீ. வித்தியாசம் வந்துவிடும். ஆகவே நீளமான பித்தளைப் பட்டையை ஸ்டைரீன் மேல் முழுநீளத்துக்கும் சூப்பர் க்ளூ போட்டு ஒட்டாதீர்கள். ஒரு முனையை எபாக்ஸியில் உறுதியாக்கி, மற்ற இடங்களில் ஊசி போட்டு நகர இடம் விடுங்கள்.

கேபிள்: நூலா, மீன்பிடி நரம்பா, முறுக்கிய கம்பியா?

பருத்தி நூல் மலிவு, ஆனால் பஞ்சு பிரியும். தேன்மெழுகில் இழுத்தாலும் அருகிலிருந்து எடுக்கும் புகைப்படம் காட்டிக்கொடுத்துவிடும். நைலான் நூல் ஈரப்பதத்துக்கு ஏற்ப நீளம் மாறும். மழைக்காலத்தில் தொய்வு, வறண்ட நாளில் இழுப்பு. பின்னிய மீன்பிடி நரம்பு நீளாது, வலுவானது, வின்ச் உண்மையிலேயே சுற்றும் 1/14 வண்டிக்கு அதுவே சரி. அதன் பின்னல் மட்டும் வயர் ரோப்பின் முறுக்கு போலிருக்காது, பெயின்டும் பிடிக்காது.

நிறுத்திவைக்கும் மாடலுக்கு முறுக்கிய செம்புக் கம்பியை மிஞ்ச எதுவும் இல்லை. நடுவில் ஒன்று, சுற்றி ஆறு என்று ஏழு இழை வைத்தால் மொத்த விட்டம் ஒரு இழையின் மூன்று மடங்கு. 1/25க்கு 0.5 வேண்டுமென்றால் இழை 0.16 அல்லது 0.17, 1/16க்கு 0.26; 1/35க்கு 0.12. கம்பியை முதலில் சூடாக்கி இளக்கிக்கொள்ளுங்கள். ஆறு இழைகளின் ஒரு முனையை வைஸிலும் மறுமுனையைக் கைடிரில்லிலும் பிடித்து, 3 முதல் 3.5 மி.மீ.க்கு ஒரு சுற்று வரும் வரை மெதுவாக முறுக்க வேண்டும்.

பலரும் இடறும் இடம் நடு இழை. சுற்றும் ஆறு இழைகள் சுருள்வதால் நீளத்தில் 5 சதவீதம் போல் குறையும். நடுவில் நேராக இருக்கும் இழை குறையாது. இரு முனையிலும் அதைச் சேர்த்துக் கட்டிவிட்டால் மிச்ச நீளம் வெளியே கண்ணி கண்ணியாகப் பிதுங்கும். டிரில் பக்கம் மட்டும் நடு இழையைக் கட்டுங்கள். வைஸ் பக்கத்து முனையைக் கட்டாமல் விட்டு, லேசாக இழுத்துப் பிடித்தால் போதும், மிச்சம் தானாக வழுக்கி வெளியேறும். தேவைக்கு மேல் 10 சதவீதம் நீளம் எடுத்துக்கொள்வது நல்லது.

ட்ரம்மில் முழு நீளத்தையும் சுற்ற வேண்டியதில்லை. 8 மி.மீ. விட்டம், 10 மி.மீ. அகலம் உள்ள ட்ரம்மில் ஒரு அடுக்கு 20 சுற்று, அதற்கே அரை மீட்டருக்கு மேல் கம்பி போகும். ட்ரம்மின் உட்கருவைக் குழாயால் தடிப்பாக்கிவிட்டு மேலடுக்கை மட்டும் சுற்றினால் நிறைந்த ட்ரம் போலவே இருக்கும். அந்த அடுக்கின் மேல் ஓரிரு சுற்றுகள் ஒழுங்கின்றிக் குறுக்கே கிடப்பதே உண்மைக்கு நெருக்கம். வேலை செய்த ரெக்கரில் கேபிள் நூற்கண்டு போல அடுக்கியிருக்காது.

சக்கரங்கள்

முன்னால் 2, பின்னால் இரட்டை இரட்டையாக 8, மொத்தம் 10 டயர், உதிரி தனி. பத்தையும் ஒவ்வொன்றாகச் செய்வது வீண்வேலை. ஒரு மூலத்தைச் செய்து சிலிக்கோன் அச்சில் வார்ப்பதா, பத்தையும் பிரிண்ட் எடுப்பதா என்பதுதான் தேர்வு. பிரிண்டர் கையில் இருந்தால் பிரிண்ட். மூலத்தை மட்டும் பிரிண்ட் எடுத்து வார்க்க நினைத்தால் பிளாட்டினம் வகைச் சிலிக்கோன் வாங்காதீர்கள். புது ரெசின் பிரிண்ட்டின் மேல் அது இறுகாமல் பிசுபிசுத்தே கிடக்கும். டின் வகைச் சிலிக்கோன் பெரும்பாலும் இந்த வம்பு செய்யாது. கிட்டில் வரும் வினைல் டயரையே வைத்தால், ஸ்டைரீன் ரிம் அதைத் தொடும் இடத்தில் ஆண்டுகள் போகப் போக உருகிக் குழையும். நடுவே அக்ரிலிக் பெயின்ட்டோ அலுமினியத் தாளோ ஒரு திரையாக இருக்கட்டும்.

கேபின்

969இல் தொடக்கத்தில் மூடிய எஃகுக் கேபின், பிறகு கித்தான் கூரை போட்ட திறந்த கேபின். கட்டுபவருக்குத் திறந்ததே எளிது: கூரையின் உருண்ட மூலைகளும் கதவுக் கண்ணாடிச் சட்டமும் மிச்சம். அதற்குப் பதிலாக உள்ளே இருப்பதெல்லாம் வெளிச்சத்துக்கு வந்துவிடும், டேஷ்போர்டையும் பெடலையும் ஒழுங்காகச் செய்தே தீரவேண்டும்.

மட்கார்டின் இருவழி வளைவுக்கு ஸ்டைரீன் ஷீட்டுகளை அடுக்கிக் கட்டையாக்கிச் செதுக்கலாம். பெரிய பரப்புகளைக் கரைப்பான் பசையால் ஒட்டும்போது உள்ளே அடைபட்ட ஆவி பின்னால் கொப்புளமாக எழும்பும். உள் அடுக்குகளில் 15 மி.மீ.க்கு ஒரு துளை போட்டு, ஒட்டியபின் இரண்டு நாள் தொடாமல் வையுங்கள். இந்தக் கட்டையையே அச்சாக வைத்து 0.75 மி.மீ. ஷீட்டைச் சூடாக்கி வேக்யூம் முறையில் உறிஞ்சி இழுத்தால் மெல்லிய ஓரமும் கிடைக்கும். பிரிண்ட்டிலும் செய்யலாம், ஆனால் அடுக்குக் கோடுகளைத் தேய்க்கும் நேரத்தில் கட்டையே செதுக்கி முடிந்திருக்கும்.

ரிவெட் தலைகளுக்குத் தாளிலிருந்து பெயர்த்து ஒட்டும் ரெசின் ரிவெட் டெக்கால்களே போதும். அரை அங்குல ரிவெட்டின் தலை ஏறக்குறைய 22 மி.மீ., 1/25இல் 0.9. பெரிதாகிவிட்டால் வண்டி குறுகித் தெரியும். சந்தேகம் வந்தால் ஒரு படி சிறியதைத் தேர்ந்தெடுங்கள்.

பெயின்ட்டுக்கு முன் ஒரு வாரம்

பித்தளை பூமை அசிட்டோனில் துடைத்து, உலோகத்தை லேசாக அரித்துப் பிடிக்கும் எட்ச் பிரைமர் அடிக்க வேண்டும். அதே பிரைமரைச் ஸ்டைரீன் மேல் கனமாக அடித்தால் பரப்பு அரித்துப்போகும். ஆகவே பூமும் மாஸ்டும் கழற்றும்படி இருக்க வேண்டும். திட்டம் போடும்போதே இதை முடிவு செய்துவிடுங்கள்.

பிரைமருக்கும் முன்னால், வெறும் உலோகமும் பிளாஸ்டிக்குமாக இருக்கும் வண்டியை முழுதாகக் கோத்து, கேபிளை இறுதி விறைப்புக்கு ஏற்றி, பூம் நுனியிலிருந்து தரைக்கு உள்ள உயரத்தை வெர்னியரில் அளந்து எழுதிவையுங்கள். வண்டி அலமாரியில் நிற்கப்போகும் அதே அறையில் ஏழு நாள் விட்டுவிட்டு மறுபடி அளங்கள். இரண்டு பூமிலும் எண் மாறாமல் இருந்தால் கழற்றிப் பெயின்ட் அடிக்கலாம். ஒன்றில் மட்டும் இறங்கியிருந்தால் அந்தப் பக்கத்துக் கப்பி அச்சிலோ பூம் அடியின் ஊசியிலோ தளர்வு இருக்கும். இரண்டிலும் ஒரே அளவு இறங்கியிருந்தால் பூமைத் தொடாதீர்கள், மாஸ்டின் கால் ஊசிகளைக் கழற்றிப் பாருங்கள்.